பால்கனியில் கட்டிய நாய்

கேள்வி: எங்கள் வேளச்சேரி குடியிருப்பில் ஒருவர் தம் நாயைப் பகலெல்லாம் பால்கனியில் கட்டிவைத்து, மாலையில் வாரின்றி அவிழ்த்துவிடுகிறார். நாய் வளர்ப்பதையே சங்கம் தடைசெய்ய இயலுமா?
– வாசகி, சென்னை 42

பதில்: இயலாது, இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் அதற்கு இடம் தரவில்லை. மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் உள்ளனவா என்று சங்கம் முதலில் விசாரிக்கட்டும். வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுபவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் (முந்தைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது) 291ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பகலெல்லாம் கட்டிவைப்பதும் சிறிய குற்றமன்று: வழக்கமாகக் கட்டப்படும் நாய்க்குப் போதிய நடமாட்டம் அளிக்காமல் விடுவதை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமே கொடுமை என்கிறது (அடைபட்ட நாய்தான் அவிழ்த்ததும் பாய்கிறது என்பேன்). எவரையேனும் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குச் செல்லுங்கள்.