ஒரே நோயாளிக்கு ஒவ்வொரு முறையும் பிபி வேறுவேறாக வருவது ஏன்?

கருவியைக் குறை சொல்லுமுன் கையில் கட்டும் பட்டையைப் பாருங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை மேற்கையின் சுற்றளவில் சுமார் 80% சுற்றி வர வேண்டும். கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2-3 செ.மீ. மேலே நிற்க வேண்டும். சட்டைக் கைக்கு மேல் கட்டவே கூடாது.

நோயாளி முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பேசாமல் 5 நிமிடம் உட்காரட்டும். கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். தொங்கவிட்டால் அளவு ஏறிவிடும்.

பலரும் தவறவிடுவது நாடி பார்ப்பதைத்தான். மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடியுங்கள். நாடி மறையும் அளவைக் குறித்துக்கொண்டு காற்றை முழுவதும் இறக்குங்கள். சற்றுப் பொறுத்து, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, குறித்த அளவுக்கு மேல் இன்னும் 30 மி.மீ. (பாதரச அளவு) ஏற்றுங்கள். காற்றை இறக்கும்போது சிலருக்கு முதல் ஒலிக்குப் பிறகு நடுவில் ஒலி அடங்கி மீண்டும் கேட்கும். நாடி பார்க்காமல் அந்த இடைவெளிவரை மட்டும் காற்றடித்தால் 180 என்பது 150 ஆகப் பதிவாகிவிடும்.

இறக்கும் வேகம் நொடிக்கு 2-3 மி.மீ. முதல் ஒலி மேல் அளவு, ஒலி மறையுமிடம் கீழ் அளவு. மறுபடி எடுக்க 1 நிமிடமாவது விடுங்கள். 120, 130 என்று முழுமையாக்காமல் கண்ட எண்ணையே எழுதுங்கள். எந்தக் கை என்பதையும்.