இளைத்த பிறகு வந்த இளக்காரம்

கேள்வி: செங்கோட்டையில் ஒரு மொத்த அரிசிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 36. ஒன்றரை ஆண்டில் 86 கிலோவிலிருந்து 65 கிலோவுக்கு இளைத்துவிட்டேன். முன்பு ஏறெடுத்தும் பார்க்காத உறவினர்கள் இப்போது நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள், எரிச்சலாக வருகிறது. அதைவிட வெட்கம், இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் அக்கா பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வாங்கினால், ‘வாயைக் கட்டத் தெரியாதா’ என்று மனதுக்குள் ஏளனம் செய்கிறேன். பேருந்தில் இன்னும் ஒருக்களித்தே நடக்கிறேன். தையல்காரரிடம் பழைய அளவு ஜாக்கெட்டையே கொடுக்கிறேன். கணவர் ‘யாருக்காக இந்த அலங்காரம்’ என்கிறார். கேரள பார்டரில் உள்ள கடையில் பரோட்டா சாப்பிட்டால் மறுநாள் முழுப் பட்டினி கிடந்து, மூன்று முறை எடை பார்க்கிறேன். நான் கெட்டவளாகிவிட்டேனா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கெட்டவராகிவிடவில்லை. ஆனால் உங்கள் எரிச்சலும் உங்கள் ஏளனமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்பதை நீங்கள் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. குண்டாக இருந்தபோது மதிக்காதவர்கள் இளைத்ததும் மதிக்கிறார்களே என்று உறவினர்கள்மேல் கோபப்படுகிறீர்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் அவர்கள் எந்தத் தராசில் உங்களை நிறுத்தார்களோ, அதே தராசில்தான் பந்தியில் அக்காவை நீங்கள் நிறுக்கிறீர்கள்.

இந்த ஏளனம் புதிதாக முளைத்ததும் அல்ல. 86 கிலோவாக இருந்த நாட்களில், ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். இப்போது உங்களைத் திட்டக் காரணம் இல்லாமல் போனதும், அந்த வசவு பக்கத்து இலைக்குப் போய்விட்டது. ‘என்னால் முடிந்தது, அவளால் ஏன் முடியவில்லை’ என்ற கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், உடல் விஷயத்தில் அது சரியான கணக்கு ஆகாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு அந்த மருந்தாலேயே எடை கூடுவது உண்டு; ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களானாலும் பசி, தூக்கம், தைராய்டு, பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான உடல் ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு, கேரளத்தில் 38.1 விழுக்காடு. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பத்தில் ஏறக்குறைய நான்கு பெண்களுக்கு மன உறுதியே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? பாயசம் சர்க்கரை நோயாளிக்கு ஆகாது என்பது உண்மைதான். அதை எடுத்துச் சொல்ல அவருடைய மருத்துவர் இருக்கிறார். அக்காவே கேட்டால் நீங்கள் என்ன செய்து இளைத்தீர்கள் என்று சொல்லுங்கள். கேட்காதவரை அவர் இலையைப் பார்க்காமல் அவரிடம் பேசிக்கொண்டே சாப்பிடுங்கள்.

உறவினர்களை நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முகத்துக்கு நேரே கேலி செய்தவர்கள் இன்று புகழ்ந்தால், ‘நன்றாக இருக்கிறேன்’ என்று ஒரு சொல்லோடு நகர்ந்துவிடலாம். ஆனால் எல்லோரையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பருமனாக இருந்த காலத்தில் விசேஷ வீடுகளில் மூலையில் உட்கார்ந்து, யாரும் நெருங்குவதற்கு முன்பே கிளம்பிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கும். உங்களுக்கும் இருந்திருந்தால், இன்று நீங்களாக நிமிர்ந்து பேசுவதைக் கண்டு சிலர் இப்போதுதான் நெருங்கி வருகிறார்கள் என்றும் கொள்ளலாம். (நம் பக்கத்தில் இளைத்தவரைப் பாராட்டுவதற்கு முன் ‘சுகர் ஏதும் இருக்கா?’ என்று கேட்பார்கள். கேரளப் பக்கத்து ஆரியங்காவிலிருந்து வருகிறவர்களோ ‘க்ஷீணிச்சு போயல்லோ’ (மெலிந்து போய்விட்டாயே) என்று உச்சுக் கொட்டுவார்கள். இவை எதற்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.)

பேருந்தில் ஒருக்களித்து நடப்பதை நினைத்துக் கலங்க வேண்டாம். உடல் இளைக்கும் வேகத்தில் மனதில் பதிந்த உருவம் இளைப்பதில்லை. எடை குறைத்த பலருக்கும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இது நீடிக்கும். ஆனால் தையல் விஷயத்தில் ஒன்று செய்யலாம். பழைய அளவு ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போய், நாடாவைப் பிடித்துப் புதிதாக அளவு எடுக்கச் சொல்லுங்கள். தோள், மார்பு, இடுப்பு என்று அவர் நோட்டில் எழுதும் எண்களை நீங்களும் நின்று பாருங்கள். கண்ணாடியை நம்ப மறுக்கும் மனம் அந்த எண்களைச் சற்று நம்பும்.

கணவரின் பேச்சு அச்சத்தில் வருவது என்றே நினைக்கிறேன். அறுவை சிகிச்சையால் எடை குறைத்தவர்களைப் பற்றி 2018-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், அந்தச் சிகிச்சை செய்துகொள்ளாத பருமனானவர்களைவிட இவர்களிடையே மணமுறிவு கூடுதலாகவும், தனியாக இருந்தவர்களிடையே புது உறவு அமைவது கூடுதலாகவும் காணப்பட்டது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒருவர் உடல் மாறினால் வீட்டில் இருவருடைய இடமும் அசைகிறது என்பதற்காகச் சொல்கிறேன். ‘எனக்காகத்தான்’ என்று கோபமில்லாமல் பதில் சொல்லிவிட்டு, அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று நேராகவே கேளுங்கள். சந்தேகம் வசவாகவும் கட்டுப்பாடாகவும் வளர்ந்தால் பொறுத்துப் போக வேண்டியதில்லை.

நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் பட்டினிதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருகிறது. எடை குறைந்த உடல் பசியைக் கூட்டும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே பரோட்டாவைத் தேடிப் போனது உங்கள் ஒழுக்கக் குறைவு அல்ல, அதற்குத் தண்டனையும் தேவையில்லை. எடையை வாரத்தில் ஒரு நாள் மட்டும் பாருங்கள். பரோட்டா சாப்பிட்ட மறுநாள் காலையிலும் வழக்கமான இட்லியைச் சாப்பிடுங்கள். ஒரு மாதம் இப்படி இருக்க முடியவில்லை என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அல்லது அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். பேச்சை எங்கே தொடங்குவது என்று தயங்கினால், ‘சாப்பிட்டால் பயமாக இருக்கிறது’ என்றே தொடங்குங்கள்.