இசைக் கேள்வி - பதில்: விரல் ஓடுகிறது, பாட்டு கேட்கவில்லை

கேள்வி: சிறுவயதில் வீணை கற்ற எனக்கு இப்போது வயது 51. சிங்கப்பூரின் ஈசூனில் சமூக மன்ற வகுப்பு ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகச் செவ்வியல் கிட்டார் பயில்கிறேன். ஸ்பானிய இசையமைப்பாளர் ஃபெர்னாண்டோ சோர், பி மைனர் என்னும் ஸ்வர வரிசையில் இயற்றிய பயிற்சி உருப்படியைத் தவறில்லாமல் வாசிக்க முடிகிறது. ஆனால் கேட்பவர்களுக்கு அது விரல் பயிற்சியாகவே படுகிறது. வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா? இடக்கைச் சுட்டுவிரலும் வலிக்கிறது.
- வாசகி, ஈசூன்

பதில்: வேகத்தைக் கூட்டாதீர்கள். நீங்கள் வாசிப்பது 1828இல் பாரிஸில் வெளிவந்த ஓப்பஸ் 35 (படைப்பு எண் 35) தொகுப்பின் 22ஆம் உருப்படி. ஸ்பானிய கிட்டார் கலைஞர் செகோவியா 1945இல் பதிப்பித்த இருபது உருப்படிகளின் தொகுப்பில் இதுவே 5ஆம் எண் பெற்றிருப்பதால், உங்கள் புத்தகத்தில் வேறு எண் இருந்தாலும் குழம்ப வேண்டாம். மூலத் தொகுப்பின் தலைப்பு இவற்றை 'மிக எளிய பயிற்சிகள்' என்கிறது. அந்தச் சொல்லை நம்பி இதை விரலுக்கு மட்டுமான வேலையாகக் கருதிவிடுகிறோம் என்பதே என் வருத்தம். நம் வர்ணம் எப்படிப் பயிற்சியாகவும் கச்சேரி உருப்படியாகவும் நிற்கிறதோ, அப்படித்தான் இதுவும்.

மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் இடைவிடாமல் ஓடும் ஸ்வரங்களுக்குள் அடிநாதம், இடை ஸ்வரங்கள், மேல் வரி என மூன்று குரல்கள் இருக்கின்றன. எல்லா ஸ்வரங்களையும் ஒரே அழுத்தத்தில் மீட்டுவதால்தான் பாட்டு மறைந்துபோகிறது. வீணையில் தாளத் தந்திக்குச் சுண்டுவிரலையும் பாட்டுக்குச் சுட்டுவிரல், நடுவிரலையும் பிரித்துக்கொடுத்துப் பழகிய உங்களுக்கு இது புரியாத விஷயமல்ல. சோர் 1830இல் வெளியிட்ட தம் முறைநூலில் வலக்கை மோதிர விரலை மிகக் குறைவாகவே அனுமதிக்கிறார்; அவர் நகம் படாமல் விரல் நுனித் தசையால் மீட்டியவர். இன்றைய வாசிப்பாளர்கள் பலர் மேல் வரியை மோதிர விரலுக்கே தருகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம் என்பது என் கருத்து.

ஒரு வாரம், காகிதத்தில் ஸ்வரக் குறியின் காம்பு (செங்குத்துக் கோடு) மேல்நோக்கி நிற்கும் மேல் வரி ஸ்வரங்களை மட்டும் மீட்டி, கூடவே வாய்விட்டுப் பாடுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்தது பிறக்கும்வரை ஒலிக்கிறதா என்று கவனித்தால், இடக்கை விரல் அவசரமாக எழுந்து நாதத்தை அறுக்கும் இடங்கள் உடனே பிடிபடும். பிறகு அடிநாதத்தைக் கட்டைவிரலால் சேருங்கள். இடை ஸ்வரங்களைக் கடைசியாக, அடுத்த அறையில் யாரோ வாசிப்பதுபோல மென்மையாகச் சேர்த்தால் போதும்.

வலிக்குக் காரணம், கிட்டார் கழுத்தின் இரண்டாம் மெட்டில் (குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) குறுக்காகக் கிடத்திய சுட்டுவிரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்துவதாக இருக்கலாம். பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் முழுப் பி மைனர் பிடியில் இரண்டாம், மூன்றாம், நான்காம் கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. சுட்டுவிரலுக்கு ஐந்தாம் கம்பியும் முதல் கம்பியும் மட்டுமே பொறுப்பு. விரலை மெட்டின் உலோகத்துக்கு மிக அருகில், கட்டைவிரலை ஒட்டிய எலும்புப் பக்கமாகச் சற்றே சாய்த்து வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் வியர்த்து வழுக்கும்போது இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும்; அப்போது கையைத் துடைத்துக்கொண்டு மீண்டும் தொடங்குங்கள். வலி மணிக்கட்டுக்கு ஏறினால் அன்றைக்கு அந்தப் பிடியை விட்டுவிட்டு, மேல் வரியைப் பாடிப் பழகுங்கள்.