டர்போ வண்டிக்கு எந்த பிளக்?

கேள்வி (சத்தியமங்கலம் வாசகர்): வணக்கமுங்க. 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் எஸ்யூவி வெச்சிருக்கேன், மூணு சிலிண்டர். 42,000 கி.மீ. ஓடியிருக்கு. வேலையா அடிக்கடி தாளவாடி போகோணும். திம்பம் மலை ஏர்றப்ப நல்லா மிதிச்சா வண்டி உதறுது. கீழ சமதளத்துல ஒண்ணுமே தெரியறதில்லீங்க. ஒருவாட்டி இன்ஜின் லைட் மின்னி மின்னி நின்னுடுச்சு. சர்வீஸ் சென்டர்ல ஸ்பார்க் பிளக் மூணு, காயில் மூணு எல்லாத்தையும் மாத்தணும்னு 13,500 எஸ்டிமேட் போட்டுட்டாங்க. எங்கூர் மெக்கானிக் அண்ணன், சாதா பிளக் 150 ரூவாய்க்குக் கிடைக்குது, வாங்கியாங்க மாட்டிறலாம்ங்கறாரு. ஆன்லைன்ல பவர் ஏறும்னு இன்னொரு இரிடியம் பிளக் விக்கறாங்க. எதை வாங்கறதுங்க?

பதில்: மூன்றில் எதையும் அப்படியே வாங்க வேண்டாம்.

மலையில் மட்டும் உதறுகிறது என்பதே பாதி விடை. பெட்ரோலைப் பற்றவைக்க, பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பொறி தாண்டியாக வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் டர்போ காற்றைத் திணித்துக்கொண்டே இருக்கும். முனை தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால், பிளக்குக்கு அந்த வோல்டேஜைத் தரும் காயில், சமதளத்தில் சமாளித்தாலும் அங்கே தோற்றுவிடும். பொறி விழாத ஒவ்வொரு தடவையும் வண்டி உதறும்.

லைட் மின்னியதைத்தான் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். விடாமல் எரிந்தால் நேரம் பார்த்துக் காட்டலாம். மின்னினால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுக் கெடுக்கும். அதன் விலைக்கு முன்னால் இந்த எஸ்டிமேட் ஒன்றுமே இல்லை.

அடுத்து, காயில். மூன்றும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம். ஸ்கேனரை மாட்டினால் பி0301, பி0302, பி0303 என்று எந்த சிலிண்டரில் பொறி தப்புகிறது என்பதைத் திரையில் வரும் பிழைக் குறியீடே (கோடு) சொல்லிவிடும். இரண்டாவதில் என்று வந்தால், அந்தக் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடும் கூடவே ஒன்றாவதுக்கு வந்துவிட்டால் காயில் குற்றவாளி. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். வராவிட்டால் முதலில் பிளக்கைப் பார்க்க வேண்டும், அப்புறம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை. ‘நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்’ என்று சொல்லியே செய்யச் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. தேய்ந்த பிளக்கோடு நெடுநாள் ஓட்டினால் காயிலும் சூடாகிப் போகும். ஆனால் சோதிக்காமலே மூன்றுக்கும் பில் போடுவது வேறு கதை.

இனி 150 ரூபாய் பிளக். அதன் முனை நிக்கல். நிக்கல் உருகுவது 1,455 டிகிரியில், பிளாட்டினம் 1,768-ல், இரிடியம் 2,446-ல். அதனால்தான் இரிடியம் முனையை மெல்லிசாகச் செய்ய முடிகிறது. முனை மெல்லிசானால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாண்டும். கம்பெனி இரிடியம் போட்ட டர்போ வண்டியில் நிக்கலை மாட்டினால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு மறுபடி திம்பத்தில் உதறும்.

உலோகத்தை விடப் பெரிய விஷயம் ஹீட் ரேஞ்ச். பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக இன்ஜின் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதன் கணக்கு அது: வேகமாகக் கடத்தினால் குளிர்ச்சி ரகம், மெதுவாக என்றால் சூட்டு ரகம். என்ஜிகே, டென்சோ கம்பெனி பிளக்குகளில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி ரகம். பாஷ், சாம்பியனில் நேர் எதிர், எண் கூடினால் சூட்டு ரகம். கடைப் பையன் ‘அதே நம்பர்தான் சார்’ என்று வேறு கம்பெனி டப்பாவை நீட்டும்போது இதை மறந்துவிடாதீர்கள். சூட்டு ரகம் டர்போவில் போனால் முனை கனன்று, பொறி விழும் முன்பே பெட்ரோலைக் கொளுத்திவிடும். பிளக்கில் மிச்சம் பிடித்த காசு பிஸ்டனில் போகும். ‘பவர் ஏறும்’ பிளக் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல பிளக் தொலைந்த பவரைத் திருப்பித் தரும். கம்பெனி தராத பவரைத் தராது.

ஆக, வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள பார்ட் நம்பர்தான் உங்கள் பிளக். எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்பதையும் அதிலேயே பாருங்கள், ஒவ்வொரு வண்டிக்கும் வேறு. ஆர்சி-யில் உள்ள சேசிஸ் நம்பரைக் காட்டி டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் பிளக்கை மட்டும் வாங்கலாம், மாட்டுவதை உங்கள் மெக்கானிக் அண்ணனிடமே விடலாம். ஈரோட்டிலோ கோவையிலோ வெளிக்கடையில் வாங்கினால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: எம்ஆர்பி, மாதம்-வருடம், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி இருக்க வேண்டும். போலி நிறைய ஓடுகிறது. பீங்கானில் உள்ள எழுத்து கலங்கியிருந்தாலோ, அடியில் உள்ள வாஷர் கையோடு கழன்று வந்தாலோ வேண்டாம். பார்ட் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு வரி 18 சதவீதம், 28 அல்ல.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். காயிலை எடுத்ததும் குழிக்குள் காற்றடித்துவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் மண் நேரே சிலிண்டருக்குள். கையால் திருகி உட்காரவைத்து, பிறகு இறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச்: 12 மி.மீ. மரை என்றால் பொதுவாக 15-20 நியூட்டன் மீட்டர், 14 என்றால் 25-30. கையேடு வேறு சொன்னால் கையேடுதான். ‘கை கணக்குங்க’ என்றால் ரெஞ்ச் உள்ள வேறு பட்டறைக்குப் போங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் பெரிய செலவு. கீழே விழுந்த பிளக்கை மாட்டவே விடாதீர்கள்.

பழைய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். முனை சாம்பல் கலந்த பழுப்பு என்றால் இன்ஜின் நலம். கரி அப்பி எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. வெள்ளையாய் கொப்புளம் கண்டிருந்தால் சூடு அதிகம். வெளிப் பீங்கானில், இரும்பு உடலை ஒட்டி ஒரு பழுப்பு வளையம் இருக்கும். ‘கேஸ் லீக் பாருங்க’ என்று அதைக் காட்டிச் சிலர் மேல்வேலை சேர்ப்பதுண்டு. அது மின்புலத்தால் எண்ணெய்த் துகள் ஒட்டிய கறை, தீங்கில்லை.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): என் டீசல் எஸ்யூவி சர்வீஸ் பில்லில் ‘ஸ்பார்க் பிளக் 4’ என்று இருக்கிறது. சரிதானா?

பதில்: டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அழுத்தத்தின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். இருப்பது குளிர்நேரத்தில் ஸ்டார்ட் ஆக உதவும் க்ளோ பிளக். அதைத்தான் மாற்றினார்களா என்று எழுத்தில் கேளுங்கள், பழைய நான்கையும் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் பணம் திரும்ப வர வேண்டும். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

கேள்வி (கோபி வாசகர்): பழைய இரிடியம் பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டலாமா?

பதில்: பழைய பைக்கின் நிக்கல் பிளக்குக்குச் செய்த வைத்தியம் அது. இரிடியம் முனை அரை மில்லிமீட்டர் சொச்சம்தான், தேய்த்தால் போய்விடும். புதிது வாங்குங்கள்.