கேள்வி பதில்: பொடிக் கலர்ல பனிக்கால கார்டு

கேள்வி: டிசம்பர்ல அக்கம்பக்கத்துக்கும் பொண்ணோட டீச்சருக்கும் குடுக்க கையால கார்டு பண்றேன். மாஸ்கிங் டேப்பை கிழிச்சு ஒட்டி பிர்ச் மரம் (வெள்ளைப் பட்டையில கறுப்புக் கோடு இருக்குமே, அது), மேல புரூஷோங்கற தண்ணியில கரையற கலர் பொடி, அப்புறம் தண்ணி ஸ்ப்ரே. டேப்பை உரிச்சா மரத்துக்குள்ள கலர் போயிருக்கு, வானமும் சேறா பழுப்பாயிடுச்சு. ஏன்? (வாசகி, டொரண்டோ)

பதில்: தண்ணி அதிகம், பொடி அதைவிட அதிகம். புரூஷோ ரொம்ப அடர்த்தியான சாயத் துகள், அதுவும் ஒரே டப்பாவுக்குள்ளயே பல கலர் கலந்திருக்கும், அதனால மூடியைத் திறக்கவே வேணாம், குண்டூசியால ஒரு ஓட்டை போட்டு லேசா தட்டுங்க போதும். ஸ்ப்ரேயை ஒரு அடி தள்ளிப் பிடிச்சு ரெண்டு தடவை அடிச்சுட்டு கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க, துகள் தானா வெடிச்சு பரவும், பிரஷ்ஷை வச்சு கலக்கினீங்கன்னா அவ்ளோதான், சேறுதான். நீலமும் டர்க்கைஸும் போதும், பக்கத்துல ஆரஞ்சு வந்தா பழுப்பு வராம இருக்காது.

டேப்புக்கு அடியில கசியறதுக்கு பேப்பரும் ஒரு காரணம். சொரசொர பேப்பர்ல டேப் முழுசா ஒட்டாது, அதனால ஹாட் பிரஸ்னு சொல்ற வழவழப்பான வாட்டர்கலர் பேப்பர், 300 ஜிஎஸ்எம் கனத்துல வாங்குங்க. உரிக்கும்போது பேப்பர் கிழியாம இருக்க, டேப்பை முதல்ல உங்க டிரெஸ்ல ஒரு தடவை ஒட்டி எடுத்து பசையைக் குறைச்சுட்டு, கார்டுல ஒட்டினதும் ஓரத்தை மட்டும் ஸ்பூன் முதுகால அழுத்தித் தேய்ங்க. நல்லா காஞ்சப்புறம் தாழ்வா, மெதுவா உரிக்கணும். அந்த வெள்ளை மரத்துல ஒரு பழைய கார்டோட விளிம்புல கறுப்பு பெயின்ட் தொட்டு ஓரத்துலேர்ந்து உள்ள இழுத்துப் பாருங்க, பிர்ச் பட்டை அப்படியே வந்துடும், எனக்கு இந்த வேலையிலயே ரொம்ப பிடிச்ச நிமிஷம் அதுதான்.

கேள்வி: பனி விழற மாதிரி மாஸ்கிங் ஃப்ளூயிட் (கலர் ஏறாம தடுத்து, அப்புறம் உரிச்சு எடுக்கற திரவம்) தெளிச்சேன், உரிக்கும்போது பேப்பரும் சேர்ந்து கிழியுது. (வாசகர், லண்டன்)

பதில்: ஹேர் டிரையர் காட்டியிருப்பீங்க! அது லேட்டக்ஸ், சூடு பட்டா பேப்பரைப் பிடிச்சுக்கும். தானா காயட்டும், அதுக்காக நாள்கணக்குல விட்டுடாதீங்க, அதுவும் ஆபத்து. தெளிக்க பழைய டூத்பிரஷ் நல்லாருக்கும், பிரஷ்ல எடுக்கறதா இருந்தா முதல்ல சோப்புல முக்கிக்கோங்க, இல்லன்னா முடியெல்லாம் ஒட்டி பிரஷ்ஷே போச்சு. ஹீட் கன் கையில இருந்தா ஃப்ளூயிட்டை விட்டுட்டு கிளியர் எம்பாஸிங் பவுடருக்கு (சூட்டுல உருகி பேப்பர்ல ஒட்டிக்கற நிறமில்லாத பொடி) மாறிடலாம், உரிக்கற வேலையே இல்ல, உருகின இடத்துல கலர் ஏறாது.

கேள்வி: ஹோலிப் பொடி, கோலப்பொடி வச்சு பண்ணலாமா? (வாசகி, மதுரை)

பதில்: கோலப்பொடி கரையாது, காஞ்சதும் உதிரும். ஹோலிப் பொடி பெரும்பாலும் மாவு, தண்ணி பட்டா கூழாகி நிக்கும். மளிகைக் கடை ஃபுட் கலர் பொடி பரவாயில்ல, அழகா கரைஞ்சு ஓடும், ஆனா வெயில் பட்டா வெளுத்துடும். கவர்ல போற கார்டுதானே, தைரியமா பண்ணுங்க. எந்தப் பொடியா இருந்தாலும் ஃபேனை நிறுத்திட்டு, மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கிட்டு தூவுங்க.