மக்காச்சோளக் காட்டில் தெளித்த அட்ரசின் எங்கே போகிறது? – கேள்வி பதில்

மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பது உடுமலை, குடிமங்கலம், பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் இன்று வழக்கமாகிவிட்டது. களை சாகிறது, ஆள் கூலி மிச்சமாகிறது. ஆனால் தெளித்த மருந்து அதன்பின் என்ன ஆகிறது என்பதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. பண்ணையம் செய்பவர்களும் மாடு வளர்ப்பவர்களும் கேட்டவற்றுக்கு, மண் வேதியியலில் நெடுங்காலம் உழைத்தவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, அட்ரசின் பதினைந்து நாளில் மண்ணில் செத்துவிடும் என்று மருந்துக் கடையில் சொல்கிறார்கள். உண்மையா? (உடுமலை)

உண்மை இல்லை. பதினைந்து நாளில் செத்துவிடும் மருந்தாக இருந்தால், ஒரு மாதம் வரை சாரணையையும் பண்ணைக்கீரையையும் அது எப்படி அடக்கி வைத்திருக்கும்? மண்ணில் உள்ள அளவு பாதியாகக் குறைவதற்கு ஆகும் காலத்தை அரைவாழ்வு என்கிறோம். அட்ரசினுக்கு அது பொதுவாக 60 நாள் என்று கொள்ளப்படுகிறது. மண்ணையும் ஈரத்தையும் வெப்பத்தையும் பொறுத்து அது இரண்டு வாரமாகவும் இருக்கலாம், எட்டு மாதமாகவும் நீளலாம்.

ஏக்கருக்கு 50 சதத் தூள் 400 கிராம் தெளித்தால் அதில் மருந்துச்சத்து 200 கிராம். அரைவாழ்வு 60 நாள் என்றால் இரண்டு மாதத்தில் 100 கிராம், நான்கு மாதத்தில் 50 கிராம் மிஞ்சும். அதாவது கதிர் அறுத்து, தட்டை வெட்டி, அடுத்த வெள்ளாமைக்கு உழும்போதும் தெளித்ததில் கால் பங்கு மண்ணிலேயே இருக்கிறது.

மக்காச்சோளம் அறுத்த காட்டில் சின்ன வெங்காயம் நட்டேன். மேற்குப் பக்கம் சுக்கான் மண்ணில் மட்டும் தாள் நுனி கருகிப் போனது. ஒரே காடு, ஒரே மருந்து, ஏன் இப்படி? (குடிமங்கலம்)

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. சுக்கான் மண், அதாவது சுண்ணாம்புக் கல் கலந்த மண், என்று நீங்கள் குறிப்பிட்டதுதான் முக்கியமான செய்தி.

அட்ரசின் மூலக்கூறின் நடுவில் மூன்று கரியணுவும் மூன்று நைட்ரஜன் அணுவும் மாறி மாறிக் கோத்த ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையத்தில் ஒரு குளோரின் அணுவும் இரண்டு சிறு பக்கச் சங்கிலிகளும் தொங்குகின்றன. மண்ணில் இது இரண்டு வழிகளில் சிதைகிறது. முதலாவது, குளோரின் கழன்று அந்த இடத்தில் நீரின் கூறு ஒன்று ஒட்டிக்கொள்வது. அப்போது உருவாகும் ஹைட்ராக்சி அட்ரசின் களையைக் கொல்லாது, மண்ணை இறுகப் பற்றிக்கொண்டு கீழே இறங்காமலும் இருக்கும். இரண்டாவது, நுண்ணுயிர்கள் பக்கச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக வெட்டுவது. இதில் குளோரின் அப்படியே இருப்பதால் மிஞ்சும் துண்டுகளுக்கு நச்சுத்தன்மை முழுவதும் போய்விடுவதில்லை, நீரோடு கீழே இறங்கும் தன்மையும் உண்டு.

குளோரின் கழலும் அந்த முதல் வழி அமிலத்தன்மை உள்ள மண்ணில் வேகமாகவும், சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் மிக மெதுவாகவும் நடக்கிறது. அது மட்டுமன்றிக் கார மண்ணில் மருந்து மண்துகளோடு ஒட்டுவதும் குறைவு என்பதால், மிஞ்சியிருப்பது வேருக்கு எளிதில் கிடைத்துவிடுகிறது. நம் பக்கத்துக் கரிசலிலும் சுக்கான் கலந்த செம்மண்ணிலும் கார அமில எண் (pH) 8-ஐத் தாண்டுவது சாதாரணம். வெளிநாட்டுப் புத்தகத்தில் எழுதிய 60 நாளை நம் மேட்டாங்காட்டுக்கு அப்படியே பொருத்துவது தவறு என்று நான் பிடிவாதமாகச் சொல்லி வருவதற்கு இதுவே காரணம். மழை பொய்த்த பருவமாக இருந்தால் இன்னும் நீளும். காய்ந்த மண்ணில் நுண்ணுயிர் வேலை செய்யாது.

அடுத்த முறை நடவுக்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். காட்டில் நாலைந்து இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்துத் தனித்தனித் தொட்டிகளில் போடுங்கள். மருந்து படாத வேலியோர மண்ணையும் ஒரு தொட்டியில் போடுங்கள். எல்லாவற்றிலும் வெள்ளரி விதை ஊன்றி வெயில் படும் இடத்தில் மூன்று வாரம் வையுங்கள். அட்ரசின் முளைப்பைத் தடுக்காது. இலை ஒளியைக் கொண்டு உணவு சமைப்பதைத்தான் தடுக்கும். ஆகவே முளைத்ததைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். இலைகள் விரிந்தபின் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் கருகுகிறதா என்று பாருங்கள். கருகினால் அந்தக் காட்டில் வெங்காயம், தக்காளி, பயறு வகை எதுவும் வேண்டாம். மறுபடியும் மக்காச்சோளமோ சோளமோ போடலாம்.

மக்காச்சோளம் மட்டும் ஏன் சாவதில்லை? (கோவை, கல்லூரி மாணவி)

மக்காச்சோள இலையில் உள்ள நொதிகள் அட்ரசினின் குளோரினை நீக்கி, அந்த இடத்தில் குளுட்டதயோன் என்னும் பொருளை ஒட்டிச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. சோளத்திலும் இதுவே நடக்கிறது. பயறுக்கு அந்த வேகம் இல்லை. அதனால்தான் தட்டைப்பயறோ உளுந்தோ ஊடுபயிராக இருக்கும் காட்டில் அட்ரசின் தெளிக்கவே கூடாது.

காங்கயம் மாடு நான்கு வைத்திருக்கிறேன். மருந்து தெளித்த காட்டுத் தட்டைத்தான் போடுகிறேன். பாலில் வருமா? மாட்டின் உடம்பில் தங்குமா? (காங்கயம்)

பழைய டி.டி.டி. போலக் கொழுப்பில் ஏறி ஆண்டுக்கணக்கில் தங்கும் மருந்து இது இல்லை என்பதை முதலில் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றிலிருந்து அட்ரசின் விரைவாக இரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் நொதிகள் அதன் இரண்டு பக்கச் சங்கிலிகளையும் வெட்டுகின்றன. ஒரு பகுதி, மக்காச்சோளத்தில் நடப்பதைப் போலவே, குளுட்டதயோனோடு சேர்ந்து வெளியேறுகிறது. வளையத்தின் கரியணுவில் கதிரியக்க அடையாளமிட்ட அட்ரசினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், 72 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 65 சதம் சிறுநீரிலும் 20 சதம் மலத்திலும் வெளியேறியது.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எலிகள் வெளிவிட்ட மூச்சுக்காற்றில் வந்தது 0.1 சதத்துக்கும் குறைவு. வளையம் உடைந்திருந்தால் அதன் கரி, கரிவாயுவாக மூச்சில் வந்திருக்கும். அப்படி வராததன் பொருள், நடு வளையத்தை உடம்பால் உடைக்க முடியவில்லை என்பதே. கல்லீரல் கிளையை வெட்டுகிறது, மரத்தைச் சாய்ப்பதில்லை. கிளை வெட்டியபின் மிஞ்சும் டையமினோகுளோரோட்ரையசின் என்ற பொருளில் குளோரின் அப்படியே இருக்கிறது. பெண் எலிகளில் கருமுட்டை வெளிவரத் தூண்டும் ஹார்மோனை அடக்கும் தன்மை அட்ரசினுக்கு இருப்பதுபோல் இதற்கும் உண்டு. ஆகவே ‘உடம்பு உடைத்துவிட்டது, இனி நஞ்சில்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நடைமுறையில், விதைத்த மூன்றாம் நாள் சரியான அளவில் தெளித்து, கதிர் முற்றி அறுத்த தட்டில் எச்சம் மிகக் குறைவு. பாலில் கவலைப்படும் அளவுக்கு வராது. கவலை பச்சைத் தீவனத்தில்தான் இருக்கிறது. தெளித்த மக்காச்சோளத்தைப் பசுந்தீவனமாகக் கொடுக்க அமெரிக்காவில் மருந்துப் புட்டியில் ஒட்டும் முகப்புச்சீட்டுகள் 60 நாள் பொறுக்கச் சொல்கின்றன. நாமும் அதையே பின்பற்றுவது நல்லது. தெளித்த காட்டின் வரப்பில் அந்த நாட்களில் ஆட்டையும் மாட்டையும் கட்டாதீர்கள்.

அப்படியானால் அந்த மாட்டின் சாணமும் கோமியமும் உரமாகுமா? (அவரே)

ஆகும். உடம்பு உடைக்காமல் விட்ட வளையத்தை உடைக்கக்கூடிய உயிர்கள் மண்ணில்தான் இருக்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 1995-இல் சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியா ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அது முதலில் குளோரினைக் கழற்றி, பிறகு இரண்டு சங்கிலிகளையும் நீக்கி, சயனூரிக் அமிலமாக்கி, கடைசியில் வளையத்தையும் பிளந்து கரிவாயுவாகவும் அம்மோனியாவாகவும் ஆக்கிவிடுகிறது. அட்ரசினில் உள்ள ஐந்து நைட்ரஜன் அணுக்கள்தான் அதற்கு உணவு.

தொழுவுரம் போட்டால் சீக்கிரம் உடையுமா? (தாராபுரம்)

மக்கிய தொழுவுரம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கீழே இறங்க விடாமல் தடுக்கிறது, நுண்ணுயிரையும் பெருக்குகிறது. யூரியாவை அள்ளிப் போட்டால் நிலைமை மாறுகிறது. எளிதில் கிடைக்கும் நைட்ரஜன் மண்ணில் நிறைந்திருக்கும்போது, அந்தப் பாக்டீரியாக்கள் அட்ரசின் பக்கம் திரும்புவது குறைகிறது.

தெளித்த காட்டில் தப்பி நிற்கும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரையைப் பறித்துச் சமைக்கலாமா? (பல்லடம்)

கூடாது. மக்காச்சோளத்தைப் போல அவை மருந்தை வேகமாகச் செயலிழக்கச் செய்வதில்லை; வேர் உறிஞ்சியது இலையில் அப்படியே இருக்கும்.

இதைத் தடை செய்துவிட்டதாகச் சொன்னார்களே? (பொள்ளாச்சி)

2020-இல் மத்திய அரசு தடை செய்யக் கருதி வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் அட்ரசினும் இருந்தது. 2023-இல் வந்த ஆணை டைக்கோபால், டைனோகாப், மெத்தோமில் ஆகிய மூன்றை முழுவதுமாகத் தடை செய்தது; அதில் அட்ரசின் இல்லை.

எங்கள் கிணறு காட்டுக்கு நடுவில் இருக்கிறது. குடிக்கவும் அதே தண்ணீர்தான். பயப்பட வேண்டுமா? (பொங்கலூர்)

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். மேல் மண்ணில் இருக்கும்வரை அட்ரசினை உடைக்க உயிர்கள் உண்டு. கிணற்று நீரில் அவை சொற்பம், ஆகவே அங்கே போய்ச் சேர்ந்தது நெடுநாள் தங்கும். கொதிக்க வைத்தால் போகாது. கரித்தூள் வடிகட்டி பிடித்து வைக்கும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம்.

இந்த வரம்பை வைத்து ஒரு கணக்குப் பாருங்கள். ஏக்கருக்கான 200 கிராம் சத்தை 360 லிட்டர் நீரில் கலக்கிறோம் என்றால், ஒரு லிட்டர் கலவையில் அரை கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். தெளிப்பானில் மிஞ்சிய ஒரே ஒரு லிட்டரைக் கிணற்று மேட்டில் கொட்டி, அது வழிந்து உள்ளே போனால், இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை வரம்பு வரைக்கும் கெடுக்க அது போதும். பத்து மீட்டர் சதுரக் கிணற்றில் இரண்டரை மீட்டர் தண்ணீர் நின்றால் மொத்தமே அவ்வளவுதான். ஆகவே மருந்தைக் கலப்பதையும் தெளிப்பானைக் கழுவுவதையும் கிணற்று மேட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கழுவிய தண்ணீரை, தெளித்த மக்காச்சோளக் காட்டிலேயே பரவலாக அடித்துவிடுங்கள்.