முதல் பனி விழுந்தாயிற்று, தடம் எங்கே?

கிராஸ்கன்ட்ரி ஸ்கீப் பாதைகள் பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

ஒஸ்லோவில் போன வாரம் ஒரு சாண் பனி கொட்டியது. லில்லோமார்க்கா காட்டில் பாதையைச் செப்பனிடும் இயந்திரமும் ஓடியது. ஆனால் பாதையை அமுக்கிவிட்டுப் போனார்களே தவிர, இரண்டு ஸ்கீயும் ஓடும் பள்ளமான தடம் போடவில்லை. பிள்ளைகள் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு போய் அப்படியே திரும்பி வந்தார்கள். ஏன் இந்தக் கஞ்சத்தனம்?
– வாசகி, குரோருடாலன், ஒஸ்லோ

கஞ்சத்தனம்தான், ஆனால் அவசியமான கஞ்சத்தனம். புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. ஒரு கன மீற்றர் புதுப்பனி 50 முதல் 100 கிலோதான் இருக்கும். நன்றாக இறுகிய ஸ்கீப் பாதையில் அதே கன மீற்றர் 400 கிலோவைத் தாண்டும். 100 கிலோ என்றே வைத்தாலும், 20 செ.மீ. பனி இறுகிய பிறகு மிஞ்சுவது 5 செ.மீ. சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் விதிப்படி தடத்தின் ஆழமே 2 முதல் 5 செ.மீ. அந்த 5 செ.மீ. பனியில் தடம் வெட்டும் தட்டை இறக்கினால் புல்லும் கல்லும் கிளம்பி வரும். மண் கலந்த இடம் கறுத்துப்போய் வெயிலை உறிஞ்சும், பக்கத்துப் பனியையும் கரைக்கும்.

அமுக்குவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. அந்தக் காட்டில் பல பாதைகள் சதுப்பு நிலத்தின் மேலேயே போகின்றன. நவம்பரில் சதுப்பு இன்னும் உறைந்திருக்காது. காற்றடைந்த பஞ்சுப்பனி வெப்பத்தைக் கடத்தாது என்பதால், மேலே மைனஸ் 10 என்றாலும் கீழே சேறு சேறாகவே கிடக்கும். அமுக்கிய பனி குளிரைக் கீழே விடும். நிலம் இறுகிய பிறகுதான் பல தொன் எடையுள்ள இயந்திரம் புதையாமல் போகலாம்.

மற்றது சீனிப் பனி. நிலத்தை ஒட்டிய பனி 0 பாகையில் இருக்கிறது, மேற்பரப்பு மைனஸ் 10, நடுவே 10 செ.மீ. பனி. அப்படியானால் வெப்பச் சரிவு ஒரு மீற்றருக்கு 100 பாகை. மீற்றருக்கு 10 பாகையைத் தாண்டினாலே பனிமணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கோணல் கோணலாக வளரத் தொடங்கிவிடும். மெல்லிய பனியும் தெளிந்த வானமும் சேர்ந்த நாலைந்து இரவு போதும், அடிப்பனி கையில் அள்ளினால் சீனிபோல உதிரும். அதன் மேல் எத்தனை தடம் போட்டாலும் சுவர் நிற்காது. விழுந்த அன்றே அமுக்கிவிட்டால் மணிகள் ஒட்டிக்கொள்ளும், இந்தக் கோளாறு வெகுவாகக் குறையும்.

ஷீஸ்போரெ இணையத்தளத்தில் இயந்திரம் கடைசியாக எப்போது ஓடியது என்பது தெரியும். பருவத் தொடக்கத்தில் அதைப் பார்த்து "தடம் ரெடி" என்று முடிவு கட்டவேண்டாம். அமுக்கும் உருளை மட்டும் ஓடியிருந்தாலும் அதன் வரைபடத்தில் பாதை நிறம் மாறும்.

நவம்பரில் புது ஸ்கீயைக் கொண்டு போகலாமா?
– வாசகர், லோரன்ஸ்கூக், நோர்வே

வேண்டாம். நோர்வேக்காரர் 'ஸ்டைன்ஷீ' என்று ஒரு பழைய சோடியை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்கள். கல்லில் உரசினாலும் கவலையில்லாத சோடி அது. அடிப்பக்கத்தில் விழுந்த ஆழமான கீறலை பி-டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குச்சியை உருக்கி ஊற்றி, ஆறியதும் சுரண்டித் தட்டையாக்கலாம். சரியாக 0 பாகையில், ஈரமான புதுப்பனியில் பிடிப்புக்கு வாக்ஸ் பூசிய ஸ்கீயின் நடுவில் பனி கட்டிப்போகும். அந்த நாளுக்குத் தோல் பட்டை ஒட்டிய ஸ்கீ வசதி, அதற்கும் பனி ஒட்டாத திரவத்தை முதல் நாளே தடவி வையுங்கள். மைனஸ் 1 முதல் மைனஸ் 7 வரை ஸ்விக்ஸ் வி40 வாக்ஸ் போதும். பசைபோல ஒட்டும் கிளிஸ்டர் வாக்ஸைப் பூசிக்கொண்டு இலையும் ஊசியிலையும் கிடக்கும் பாதையில் இறங்கினால், ஐந்து நிமிடத்தில் காட்டில் பாதி ஸ்கீயின் அடியில் ஒட்டியிருக்கும்.

எங்கள் சிறு கழகம் 4 கி.மீ. பாதையை நாங்களே பராமரிக்க ஒரு பழைய ஸ்னோமோபிலும், உருளையும், பற்கள் வைத்த இழுவைச் சட்டமும், தடத்தட்டும் வாங்கியிருக்கிறோம். எந்தப் பனியில் எதை இறக்குவது?
– வாசகர், ஒட்டாவா

வேலை பனிக்கு முன்பே தொடங்குகிறது. புல்லைக் கணுக்கால் உயரத்துக்குமேல் விடாமல் வெட்டுங்கள். முட்டிக்கொண்டு நிற்கும் கல்லைத் தோண்டி எடுங்கள், மதகுகளில் அடைத்த குப்பையை அகற்றுங்கள். இலை உதிர்ந்து முடிந்ததும் ஊதி ஒதுக்குங்கள். இதைச் செய்த பாதைக்கும் செய்யாத பாதைக்கும் வித்தியாசம் பெரிது: வெட்டிய புல்தரையில் இறுகிய பனி 10 செ.மீ. இருந்தால் தடம் போடலாம், கல்லும் வேரும் நிறைந்த பாதையில் 20, 25 செ.மீ. வரை காத்திருக்க வேண்டும்.

முதல் 8 முதல் 15 செ.மீ. விழுந்ததும் உருளை மட்டும். மணிக்கு 10 கி.மீ. வேகம் போதும். அதற்குமேல் போனால் உருளை துள்ளி, பாதை அலை அலையாகும். இரண்டு முறை ஓட்டிவிட்டு, ஒரு இரவு தொடாமல் விடுங்கள். அமுக்கப்பட்ட மணிகள் ஒன்றோடொன்று பிணைவதற்குக் குறைந்தது நாலைந்து மணி நேரம் வேண்டும். வெப்பநிலை இறங்கிக்கொண்டிருக்கும் மாலைப்பொழுது இதற்குத் தோதானது. மைனஸ் 20இல் பிணைப்பு மெதுவாகத்தான் நடக்கும், அன்று இன்னும் அதிக நேரம் விடுங்கள்.

ஒவ்வொரு விழுகைக்கும் உருளையே முதலில். சட்டத்தின் பற்களை இறுகிய பனி 10 செ.மீ. தாண்டும்வரை இறக்காதீர்கள், தாண்டிய பின்னும் 2 செ.மீ. சீவினால் போதும். தடத்தட்டு கடைசியில். ஒரு தடத்தின் இரு கால்களுக்கும் இடையே நடுவிலிருந்து நடுவுக்கு 17 முதல் 30 செ.மீ., அருகருகே இரண்டு தடமென்றால் அவற்றுக்கிடையே குறைந்தது 1.2 மீற்றர்.

பனி உருளையில் ஒட்டிக்கொண்டு, புல் தெரியத் தெரியப் பாய் சுருட்டுவதுபோல எழுந்து வரும். இதுதான் பலரைக் குழப்புவது. காரணம் இரண்டு: பனி 0 பாகையை ஒட்டி ஈரமாக இருக்கும், அல்லது உருளை கராஜுக்குள் சூடாக நின்றிருக்கும். உருளையை முதல் இரவே வெளியில் விடுங்கள், மைனஸ் 3க்கு இறங்கும்வரை பொறுங்கள். தடச்சுவர் பொடியாக உதிர்ந்தால் அது காய்ந்த பனி, அன்று தட்டைத் தூக்கிவிட்டு உருளையோடு நிறுத்துங்கள்.

அடர்ந்த ஊசியிலை மரங்களின் கீழே பனி கொப்பிலேயே தங்கிவிடும். தெற்கு நோக்கிய சரிவு வெயிலில் கரையும். இரண்டு இடத்துக்கும் இயந்திரம் தீர்வல்ல. திறந்த வெளியிலிருந்து சவளால் அள்ளி, சறுக்குப்பெட்டியில் இழுத்து வந்து கொட்டி மிதிக்க வேண்டும்.

இறுகியதா என்று அறிய ஒரு லீற்றர் தகரடப்பாவைப் பாதையில் அழுத்தி நிரப்பி, பனியை மட்டும் நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் என்றால் வெறும் புதுப்பனி. 300 என்றால் உருளை வேலை செய்திருக்கிறது. 400 என்றால் தட்டை இறக்கலாம், ஆழம் போதுமானால்.

மழை பெய்து நின்றது, அன்றிரவே மைனஸ் 8. காலையில் பாதை கண்ணாடி. மழை நின்றவுடனேயே இயந்திரம் ஓட்டியிருந்தால் தப்பியிருக்குமே?
– வாசகர், டிராமன், நோர்வே

தப்பியிருக்காது, இன்னும் மோசமாகியிருக்கும். தண்ணீர் ஊறிய பனியை அமுக்கினால் இடைவெளிகள் அடைபட்டு, தண்ணீர் வடிய வழியில்லாமல் அப்படியே ஒரே ஐஸ் பாளமாகும். ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் பொறுக்க வேண்டும். சொட்டாமல் உருண்டை நின்று, மேலே விரல் தடிப்பில் ஓடு கட்டியிருந்தால் அதுதான் நேரம். அந்த இடைவெளி சில வேளை நள்ளிரவில் இரண்டு மணி நேரம் மட்டுமே இருக்கும், அதைத் தவறவிட்டால் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஐஸாகிவிட்டால், அடித்தளம் தடிப்பாக இருக்கும்போது மட்டும் இயந்திரத்தின் சுழல் பற்களால் அரைக்கலாம். மெல்லியதென்றால் மேற்பரப்பைக் கீறி மட்டும் வையுங்கள், அதுவும் அடுத்த பனி விழுவதற்கு முன். வழுவழுப்பான ஐஸில் விழுந்த 5 செ.மீ. புதுப்பனி பிடிக்காமல் ஸ்கீயோடு சேர்ந்து வழுகும்.

ஏரியின் மேலே போகும் பாதை எப்போது திறக்கும்?
– வாசகி, ஒஸ்லோ

கடைசியில். ஆள் நடக்கவே 10 செ.மீ. கெட்டியான ஐஸ் வேண்டும், ஸ்னோமோபிலுக்கு 15 செ.மீ. என்று கணக்கிடுங்கள். ஐஸின் மேல் பனி விழுந்துவிட்டால் அது தடிப்பது மந்தமாகிவிடும். பனியின் பாரத்தில் ஐஸ் அமிழ்ந்து, வெடிப்பு வழியே தண்ணீர் மேலேறிப் பனிக்கு அடியில் சகதியாய் நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. நீரோடை வந்து விழும் வாயும் வெளியேறும் வாயும் எப்போதும் மெல்லியவை, குறியிட்ட பாதை வரும்வரை கரையைச் சுற்றியே போங்கள்.

கனடாவின் கான்மோரில் ஒக்ரோபரிலேயே ஸ்கீ ஓடுகிறார்கள். பனி எங்கிருந்து வருகிறது?
– வாசகர், கல்கரி

போன குளிர்காலத்திலிருந்து. முந்தைய பருவத்தில் செய்த பனியைக் குவித்து, மரத்தூளால் மூடிக் கோடை முழுவதும் வைத்திருப்பார்கள். மரத்தூள் வெயிலைத் தடுக்கும், அதிலுள்ள ஈரம் ஆவியாகும்போது குவியலையும் குளிரவைக்கும். சுவிற்சர்லாந்தின் டாவோஸிலும் இதே முறைதான். சுமார் 40 செ.மீ. தூள் போட்டால் நாலில் மூன்று பங்குவரை தேறும். ஒக்ரோபர் நடுவில் தூளை அகற்றி, லொறியில் ஏற்றிப் பாதையில் பரப்புவார்கள். கான்மோரில் இதற்கு ஃப்ரோசன் தண்டர் என்று பெயர்.

இயந்திரத்தால் பனி செய்வதற்கோ ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) மைனஸ் 2க்குக் கீழே போகவேண்டும். காற்று நன்றாக உலர்ந்திருந்தால் வெப்பமானி 0 காட்டும்போதே செய்யலாம், மூடுபனியில் மைனஸ் 1 இருந்தாலும் முடியாது. ஒஸ்லோவின் ஹோல்மன்கொல்லனில் நவம்பரில் இயந்திரங்கள் சில இரவு பேசாமல் நிற்பது இதனால்தான். செய்த பனியின் மணிகள் உருண்டையாக இருப்பதால் விழும்போதே கன மீற்றருக்கு 400 கிலோ அடர்த்தியை எட்டும், உருளைக்கு அங்கே வேலையில்லை.